மயிலிறகு ஈன்ற குட்டி

வன்னிப் பெருநிலத்திலே பாடசாலை சென்ற பிள்ளைகளுள், புத்தகத்தின் நடுவே மயிலிறகு ஒன்றை மறைத்து வையாதார் மிகச் சிலரே. கிளிநொச்சியாயினும் முல்லைத்தீவாயினும் வவுனியாவாயினும், குளத்து அலைகரையிலும் அரிவு வெட்டி முடிந்த வயல்களிலும் மயில்கள் கூட்டமாக மேய்வதைக் காணலாம். ஆண்டுக்கொரு முறை ஆண்மயில் தன் தோகையை உதிர்க்கும். ஒரு தோகையில் ஏறக்குறைய நூற்றைம்பது பீலிகள் இருக்கும். ஆதலின் எங்கள் நாட்டிலே பீலிக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் அதன் குட்டிக்குத்தான்.

பீலி குட்டி போடும் என்பது பிள்ளைகளின் துணிபு. அதற்கு விதிகளும் உண்டு. பீலியைப் புத்தகத்தின் நடுத்தாள்களுக்கிடையே கிடத்தல் வேண்டும். இரையாகப் பென்சில் சீவிய தூளோ நாலைந்து அரிசியோ இடல் வேண்டும். வானத்துக்குக் காட்டலாகாது. அடிக்கடி திறந்து பார்த்தலும் ஆகாது, பார்த்தாற் கருக்கலைந்துவிடும். எந்தப் பாடப்புத்தகம் உகந்தது என்பதிலே மாத்திரம் கருத்து வேற்றுமை உண்டு. பெரும்பாலார் கணக்குப் புத்தகத்தையே தெரிவர். அதனைத் திறவாதிருத்தல் எளிது.

மாதமொன்று கழித்துப் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளை ஏமாறுவதில்லை என்பதே இதில் வியப்பு. உலர்ந்த பீலியின் தண்டிலிருந்து நுண்ணிய இழைகள் கழன்று தாளிடையே கிடக்கும். அவை தாயைப் போலவே பச்சையும் பொன்னுமாய் மின்னும். அவை சிறியவை, முன்பு இல்லாதவை, தாயின் அருகிலே கிடப்பவை. இவற்றைக் குட்டிகளென்று கொள்ளாது வேறென்னவென்று கொள்வது? காட்சியும் உண்டு, அநுமானமும் உண்டு. தருக்க நூலார் வேண்டும் அளவைகளுள் இரண்டு இங்கே முறையாகவே நிற்கின்றன. முடிபு ஒன்றே பிழைத்தது.

பிள்ளைகளை நகைப்பதற்கு முன் பெரியோரையும் சற்று நோக்குதல் தகும். 2017 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆந் தேதி, இந்தியாவின் இராசத்தான் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், தாம் ஓய்வுபெறும் அந்த நாளிலே, பசுவைத் தேசிய விலங்காக்குமாறு பரிந்துரைத்துவிட்டுச் செய்தியாளரிடம் மயிலைப் பற்றியும் திருவாய் மலர்ந்தருளினார். ஆண்மயில் பிரமசாரியாம், அதன் கண்ணீரைப் பருகியே பெண்மயில் கருவுறுமாம். மயிலும் ஏனைப் பறவைகளைப் போலக் கூடி முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது என்பதை எங்கள் ஊரில் மாடு மேய்க்கும் சிறுவன் அறிவான்; பற்றைக்குள்ளே அது அடைகாப்பதை அவன் கண்ணாரக் கண்டவன். ஆயினும் அதே சிறுவன் தன் புத்தகத்துப் பீலி குட்டி போடும் என்றும் நம்புவான். மயிலுக்கு முட்டை, பீலிக்குக் குட்டி. அவனுடைய உலகில் இவ்விரண்டுக்கும் முரணில்லை.

சில மயக்கங்கள் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்தவை. வேறு சில, பெரியோர் விளையாட்டாக ஊட்டியவை. பின்னவற்றுள் தலையாயது தவிட்டுக் கதை. வீட்டிலே குறும்பு செய்யும் பிள்ளையைப் பார்த்து, “உன்னை நாங்கள் பெறவில்லை, தவிட்டுக்கு வாங்கினோம்” என்று சொல்லி அழவைப்பது தமிழர் குடும்பங்களிற் பழைய பொழுதுபோக்கு. நெல் விளையும் நாட்டிலே தவிட்டுக்கு ஏது குறை? ஆலையருகே மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடப்பதைப் பிள்ளை நாடோறும் காண்கின்றது. எங்கள் பகுதியிற் சிறுமி ஒருத்தி, தனக்குத் தம்பி வேண்டுமென்ற ஆசையினால், ஒரு சொப்பிங் பை நிறையத் தவிட்டை அள்ளிக்கொண்டு குடும்பநல மாதுவின் படலையிலே போய் நின்றாள். “இது காணுமே மிஸ்?” என்றாளாம். அந்த அம்மையார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இப்ப கையிருப்பு இல்லை, வந்தாற் சொல்லி அனுப்புறன்” என்று விடை கொடுத்தனுப்பினார். அவர் பெருந்தன்மை உடையவர். ஆனால் இந்தக் கதையை ஊட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். தாய் தந்தையரைப் போரிலே இழந்து, பெரியம்மாவிடமோ அம்மம்மாவிடமோ வளரும் பிள்ளைகள் பலர் உள்ள நாடு இது. அவர்கள் காதில் விழும்போது தவிட்டுக் கதைக்கு நகை இல்லை.

பழவிதை வயிற்றில் முளைக்கும் என்பது உலகெங்குமுள்ள பிள்ளைகளின் அச்சம். வன்னியில் அது பாலைப்பழத்தோடு சேர்ந்தது. பாலை பழுக்குங் காலத்திலே பிள்ளைகளும் கரடிகளும் ஒரே மரத்துக்குப் போட்டியிடுவதுண்டு. பழத்தின் பால் உதட்டிலே பசையாய் ஒட்டும். விதை வழுக்கித் தொண்டைக்குள் இறங்கிவிடும். அவ்வாறு விதையை விழுங்கிய மாணவன் ஒருவன் ஒருநாள் முழுதும் தண்ணீரைத் தொடவில்லை. காரணம் கேட்டபோது, “தண்ணி விட்டால் முளைச்சிடும் சேர்” என்றான். விளைநிலத்துப் பிள்ளையின் பகுத்தறிவு அது. நகரத்துப் பிள்ளை அழும். கமக்காரன் பிள்ளை நீரை மறிக்கும்.

விழுந்த பாற்பல்லைக் கூரைமேல் எறிந்து, அணிலிடம் புதுப்பல் கேட்கும் வழக்கமும் இவ்வகையினது. தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே அணிலிடமே கேட்கின்றனர். காகம் கண்டாற் பல் முளையாது என்பதனால் இது களவாகச் செய்யப்படவேண்டிய காரியம். ஓலைக்கூரையில் எறிந்த பல் அங்கேயே தங்கிவிடும். மீள்குடியேற்றத்தின்பின் தகரக்கூரை வந்தது. தகரத்தில் எறிந்த பல் கடகடவென்று உருண்டு காலடியிலேயே வந்து விழுந்தது. அணில் தன்னை மறுத்துவிட்டதென்று ஒரு பிள்ளை ஏங்கியதையும், அதன் அப்பு ஏணி வைத்து ஏறித் தகர இடுக்கிலே பல்லைச் செருகி வந்ததையும் யாம் அறிவோம்.

மொழியைக் கற்பிக்குந் தொழிலில் இருப்பார்க்குச் சொல்லாற் பிறக்கும் மயக்கங்களே பெருவிருந்து. மார்கழி மழை பெருகிக் குளங்கள் நிரம்பும்போது, “குளம் வான் பாயுது” என்ற செய்தி ஊரெங்கும் பரவும். வான் என்பது மிகுந்த நீர் வழிந்தோடுவதற்கு அமைத்த வழி. தமிழகத்தார் இதனைக் கலிங்கு என்பர். பிள்ளைக்கோ வான் ஆகாயம் ஒன்றே. 2018 ஆம் ஆண்டு டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. பாடசாலைகளிலே தஞ்சம் புகுந்த மக்களிடையே சிறுமி ஒருத்தி, “வானத்தின்ரை கதவை ஆர் பூட்டாமல் விட்டது?” என்று கேட்டாள். சுற்றி நின்றோர் நகைத்தனர். அந்நேரத்தில் அவர்களுக்கு நகைப்பு மிகவும் வேண்டியிருந்தது. ஆனால் அவள் வினாவிலே பிழை எங்கே? மேலிருந்து மழை, கீழே வெள்ளம். ஒலிபெருக்கியிலே “வான்கதவு திறக்கப்படும்” என்ற அறிவித்தல். மூன்றையும் பொருத்திப் பார்த்தால் அவள் கொண்ட பொருளே எல்லாருக்கும் முதலிற் தோன்றும். குளத்தின் கீழே குடியிருக்கும் பிள்ளைகளுக்கு வான், துருசு, குளக்கட்டு, அலைகரை என்னுஞ் சொற்களைப் படம் வரைந்து கற்பிப்பது எந்தச் செய்யுளுக்கும் முந்திய பாடம் என்பது எமது கருத்து. வான்கதவு திறக்கின்றது என்ற அறிவித்தலைக் கேட்டு அண்ணாந்து பார்ப்பவன் ஓடவேண்டிய திசையை அறியான்.

ஊர்ப்பெயர்களும் பிள்ளைகளைப் பெரிதும் மயக்கும். கண்டி வீதியிலே கிளிநொச்சியிலிருந்து தெற்கே செல்லும் பேருந்தில் முதன்முறை ஏறிய பிள்ளை, மாங்குளம் வந்ததும் குளத்திலே மாம்பழம் மிதக்கும் என்று எட்டிப் பார்க்கும். புளியங்குளத்து நீர் புளிக்கும் என்றும், ஓமந்தையிலே வயிற்றுவலிக்கு ஓமம் இலவசமாகக் கிடைக்கும் என்றும் கருதும். முறிகண்டியிலே பிள்ளையாருக்குத் தேங்காய் உடையாமற் சென்றால் வண்டி முறியும் என்பது பிள்ளைகளின் சொந்தச் சொல்லாராய்ச்சி. சில சாரதிகளும் அதனை ஏற்றுக்கொண்டவர்களே. முல்லைத்தீவு பெயரளவிலே தீவு. கிழக்கே பெருங்கடலும் மேற்கே நந்திக்கடலும் கிடப்பினும் அது நிலத்தோடு ஒட்டிய ஊர். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர் ஒருவர் படகு எங்கே ஏறுவது என்று வவுனியாவில் விசாரித்தாராம்.

இவற்றுள் ஆனையிறவு தனியே வைத்து எண்ணத்தக்கது. ஆனைகள் இறந்த இடமாதலின் அப்பெயர் என்று பிள்ளைகள் ஒருமுகமாகக் கூறுவர். எலும்பு எங்கே கிடக்கின்றது என்றும் கேட்பர். இறத்தல் என்னும் வினைக்குக் கடத்தல் என்பதே பழம்பொருள். வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகளைக் கடனீரேரியின் ஆழமற்ற பகுதி வழியாகக் குடாநாட்டுக்கு நடத்திச் சென்று, ஊர்காவற்றுறையிலே கப்பலேற்றி விற்ற காலம் ஒன்று இருந்தது. ஒல்லாந்தர் வன்னியரிடமிருந்து யானைகளையே திறையாகப் பெற்றனர். யானைகள் கடந்த துறை ஆனையிறவு. உலகைக் கடந்து போதல் என்ற கருத்தினாலேதான் சாவுக்கும் இறப்பு என்ற பெயர் வந்தது. ஆகவே பிள்ளைகள் வேரை விட்டுக் கிளையைப் பிடித்தனர். 2000 ஆம் ஆண்டிலும் 2009 ஆம் ஆண்டிலும் அவ்விடத்தைக் கடந்தோர் எத்துணை பேர், கடவாது போனோர் எத்துணை பேர் என்று எண்ணும்போது, பிள்ளைகள் கொண்ட பொருளை முற்றாகத் தள்ளவும் நாக்கூசுகின்றது.

இதே சொல்தான் இலக்கண வகுப்பிலும் வந்து இடர் செய்யும். இறந்தகாலம் என்றதும், செத்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது வழங்குவது அது என்று பிள்ளைகள் எழுதிக்கொள்வர். “அப்பா நேற்று வந்தார்” என்று எழுதமாட்டேன் என்று ஒரு பிள்ளை அடம்பிடித்தது. தகப்பன் உயிரோடிருக்கும்போது இறந்தகாலத்தில் வைப்பது அவளுக்கு அபசகுனமாய்த் தோன்றிற்று. கடந்த காலம் என்று சொல்லிக் கொடுத்தோம், எழுதினாள். தொல்காப்பியர் இறப்பு என்று ஆண்ட சொல்லை விடுவதில் எமக்கு வருத்தமே. ஆயினும் பிள்ளையின் தகப்பன் பெரிது.

இலக்கணத்தில் நகைக்கு வேறு இடங்களும் உள. மெய்யெழுத்துப் பதினெட்டு என்று கரும்பலகையில் எழுதி முடித்ததும், பின்வரிசையிலிருந்து, “அப்ப பொய்யெழுத்து எத்தினை சேர்?” என்ற வினா எழாத ஆண்டே இல்லை. மெய் என்றால் உடம்பு என்று விளக்கினால், உயிரும் உடம்பும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை உடனே பற்றிக்கொள்வர். இவ்வகையில் தமிழிலக்கண நூலார் பிள்ளைகளுக்கு இரங்கியவர்களே. ஆய்தம் என்பதனை ஆயுதம் என்று கொண்டு, முப்புள்ளியையும் மூன்று குண்டுகளாக நிறந்தீட்டியவன் ஒருவன். குற்றியலுகரம் குற்றம் செய்த உகரம். அதற்குத் தண்டனையாகத்தான் மாத்திரை பாதியாகக் குறைக்கப்பட்டது என்பது மற்றொருவன் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பிலே பிழைகாண எமக்கும் சிறிது நேரம் எடுத்தது. பெயரெச்சம், வினையெச்சம் என்பவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. காகம் கூரையிலிருந்து இடுவதன்றி வேறு எச்சம் அறியாத பிள்ளைகளிடம் அப்பாடத்தைத் தொடங்குவோர், முதற் கால்மணி நேரத்தைச் சிரிப்புக்கென்றே ஒதுக்கிவிடல் நன்று.

வைகாசி விசாகப் பொங்கலுக்கு முன்பு முல்லைத்தீவுக் கடலிலே தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்திலும் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் சந்நிதியிலும் உப்புநீரிலே விளக்கெரிப்பது நெடுங்கால மரபு. அதனைக் கண்டு திரும்பிய பேரன் ஒருவன், வீட்டு விளக்கிலும் உப்புக் கரைத்த நீரை ஊற்றித் திரியைக் கொளுத்தி, எரியாமையினால் அழுதான். “அம்மாளுக்குத்தானடா எரியும், உனக்கெப்பிடி எரியும்?” என்று அம்மம்மா அணைத்துக்கொண்டாள். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான காலம் அது. எரிந்திருந்தால் அம்மம்மாவுக்கும் மகிழ்ச்சியாகவே இருந்திருக்கும்.

இனி வானத்துக்குச் செல்வோம். வெயிலும் மழையும் ஒருங்கே தோன்றினால் நரிக்கும் காகத்துக்கும் கலியாணம் என்கின்றோம். சிங்கள மக்களும் அதனை நரியின் திருமணம் என்றே வழங்குவர். மலையாளத்தாருக்கும் யப்பானியருக்கும் அது நரி மணமே. கொரிய நாட்டிலே புலிக்கு மணம், பல்கேரியாவிலே கரடிக்கு, தென்னாபிரிக்கச் சூலு மக்களிடையே குரங்குக்கு. பின்லாந்து நாட்டறிஞர் மட்டி கூசி என்பார் இவ்வொரு வழக்கையே உலகெங்கும் தேடித் தொகுத்து 1957 இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு சிறு தூறலுக்கு அவ்வளவு பெரிய நூலா என்று வினவலாம். ஒன்றையொன்று அறியாத மக்கள் எல்லாரும், சேராத இரண்டு சேர்ந்ததைக் கண்டவுடன் கலியாணத்தையே நினைத்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கதன்றோ? எங்கள் வகுப்பிலே எழுந்த ஐயம் அந்நூலாசிரியருக்கும் தோன்றிற்றோ அறியோம்: நரிக்கும் காகத்துக்கும் பிறப்பது குட்டியா, குஞ்சா?

நிலா தம்மைப் பின்தொடர்ந்து வருகின்றது என்பது மற்றொரு பொதுநம்பிக்கை. சுவிற்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் பியாசே 1926 இல் வெளியிட்ட நூலிலே, அந்நாட்டுப் பிள்ளைகளும் இவ்வாறே கூறியதை விரிவாக எழுதினார். நிலா ஏறக்குறைய 384,000 கிலோமீற்றர் தொலைவிலே இருத்தலின், நாம் ஒருகட்டை தூரம் நடப்பினும் அது நிற்கும் திசை மாறுவதில்லை. அருகிலுள்ள மரங்கள் மாத்திரம் பின்னே செல்கின்றன. ஆகவே அது கூட வருவதாய்த் தோன்றும். உழவு இயந்திரப் பெட்டியிலே விசுவமடுவுக்குச் சென்ற அண்ணனும், துவிச்சக்கர வண்டியிலே பரந்தனுக்குச் சென்ற தம்பியும், நிலா என்னோடுதான் வந்தது என்று மறுநாட் காலை கைகலந்ததைப் பாடசாலை கண்டிருக்கின்றது. இருவரும் பொய் சொல்லவில்லை. வழக்கைத் தீர்ப்பது எளிதாயிருக்கவுமில்லை.

பூமி உருண்டை என்று கற்பித்தபின் பிள்ளை மனத்தில் உருவாகும் பூமி எத்தகையது என்பதை 1992 இல் வொஸ்னியாடு, புறூவர் என்னும் அறிஞர் இருவர் அமெரிக்காவிலே 60 பிள்ளைகளிடம் ஆராய்ந்தனர். சிலருக்குப் பூமி தட்டையான வட்டம். சிலருக்கு உள்ளே குடைவான பந்து. நாம் அதன் உட்புறத்துத் தளத்திலே நிற்கின்றோம். வேறு சிலருக்குப் பூமிகள் இரண்டு. ஆசிரியர் சொன்ன உருண்டை வானத்திலே உள்ளது, நாம் நிற்கும் நிலம் வேறு. பின்னர் ஐதராபாத்துப் பிள்ளைகளிடம் ஆராய்ந்தபோது, பூமி நீரின்மேல் மிதக்கின்றது என்போர் பலர் இருந்தனர். கடல் சூழ்ந்த நிலம் என்ற தாய்வழிக் கதையையும் உருண்டை என்ற பாடத்தையும் பிள்ளை தானே பொருத்திச் செய்த முடிபு அது. வன்னியிற் கேட்டால் அந்நீர் குளமாக இருக்கும். வான் எந்தப் பக்கம் பாயும் என்றும் உடன் கேட்பர். ஆசிரியர்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இப்பிள்ளைகள் எல்லாரும் “பூமியின் வடிவம் யாது?” என்னும் வினாவுக்கு “உருண்டை” என்றே விடையெழுதி முழுப்புள்ளி பெறக்கூடியவர்கள்.

இதுவரை சொன்னவை எக்காலத்துக்கும் உரியவை. வன்னிக்கே உரிய மயக்கங்கள் சில, போர் தந்தவை.

1990 ஆம் ஆண்டிலே வடபகுதிப் புகைவண்டிச் சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2013 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14 ஆந் தேதிதான் கிளிநொச்சிக்கு மீண்டும் புகைவண்டி வந்தது. இடையிலே இருபத்துமூன்று ஆண்டுகள். அவ்விடைக்காலத்திலே பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் தண்டவாளம் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதச் சொன்னால், “பங்கருக்கு மேலே அடுக்கும் இரும்பு” என்று எழுதினான். அவன் அறிந்த பொருளை எழுதினான். பிழையென்று கோடிட எமது பேனா எழவில்லை. பாட்டி தான் யாழ்தேவியிலே கொழும்புக்குப் போன கதையைச் சொல்லக் கேட்ட சிறுமி, யாழ்தேவி எந்தக் கோயில் அம்மன் என்றும், அம்மன்மேல் ஏறிப் போகலாமா என்றும் கேட்டாள். 1956 இலே ஓடத் தொடங்கிய வண்டிக்குப் பெயர் வைத்தோர் இத்தகைய ஐயத்தை எதிர்பார்த்திரார்.

மின்சாரமும் மின்கலமும் அரிதாயிருந்த அந்நாளிலே, துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்பார்கள். மிதிப்பவர் களைத்தாற் குரல் தேய்ந்து மங்கும். விரைந்து மிதித்தால் மீண்டும் எழும். தகப்பன் மிதிக்க அருகிலிருந்து செய்தி கேட்ட பிள்ளை, உள்ளேயிருந்து பேசுகின்றவரும் களைத்துவிட்டார் என்று கருதி, வானொலிப் பெட்டியின் முன் ஒரு குவளை தேநீர் வைத்தது. தகப்பனுக்குக் கொடுக்கவில்லை என்பதை அவர் இன்றும் சொல்லிக் குறைப்படுவார்.

வானிலே பறப்பதெல்லாம் கிபிர் என்று வளர்ந்த பிள்ளைகளும் உளர். 1996 முதல் அவ்விமானங்களின் இரைச்சலைக் கேட்டவர்களுக்கு, விமானத்தினுள்ளே மனிதர் கதிரையில் அமர்ந்து சோறு உண்டு செல்வர் என்பது நம்பக்கூடாத செய்தியாயிற்று. வெளிநாட்டிலிருந்து மாமா விமானத்தில் வருகின்றார் என்று கேட்டதும், “மாமா ஏன் குண்டு போட வாறார்?” என்ற வினாவுக்கு அந்த வீட்டிலே எவரும் சிரிக்கவில்லை.

நாம் சொல்ல எடுத்துக்கொண்டவற்றுள் மிகப் பெரிது இனி வருவது. 2010 ஆம் ஆண்டளவிலே மக்கள் மீள்குடியேறிய ஊர்களின் எல்லைகளிலே, மண்டையோடும் எலும்பும் வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. மும்மொழியிலும் எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது. எழுத்துக்கூட்டத் தெரியாத சிறுவர் மண்டையோட்டை மாத்திரம் கண்டு, அது பேய் குடியிருக்கும் காடு என்று முடிவு செய்தனர். தாய்மார் சிலர் இதனை அறிந்தும் திருத்தவில்லை. மிதிவெடி என்றால் என்னவென்று விளக்கி அச்சுறுத்துவதிலும் பேய் என்று விட்டுவிடுவது எளிது. பிள்ளை அப்பக்கம் போகாவிட்டாற் போதும். அவர்களைக் குறைகூற மனம் வரவில்லை. அவர்கள் கண்டவை அத்தகையன.

ஆனால் மூன்றாந் தரத்து மாணவன் ஒருவன், பலகைக்கு அப்பால் நின்ற பாலைமரத்தைப் பற்றிச் சக மாணவரிடம் பேசியது எம் காதில் விழுந்தது. பழம் செறிந்து கிடக்கின்றதாம், எவரும் பறிப்பதில்லையாம். “பேய் இருக்குதெல்லோ?” என்றான் மற்றவன். அதற்கு அவன் சொன்ன விடை: “பேய் இரவிலைதானடா வரும். பகலிலை அது நித்திரை. நாங்கள் பகலிலை போவம்.”

அவனது நியாயத்திலே எள்ளளவும் குற்றமில்லை. பேய் இரவில் உலாவும் என்று அவனுக்குச் சொன்னவர்களும் பெரியோரே. பலகையிலிருந்து பேய்க்கும், பேயிலிருந்து இரவுக்கும், இரவிலிருந்து பகலுக்கும் அவன் படிப்படியாகவே வந்தான். அன்று அவ்வகுப்பிலே தமிழ்ப் பாடம் நடைபெறவில்லை. கரும்பலகையிலே மண்ணின் குறுக்குவெட்டு வரைந்து, உள்ளே புதைந்து கிடக்கும் பொருளையும், அதன்மேல் வைக்கும் காலையும் வரைந்தோம். அது உறங்குவதில்லை, பசிப்பதில்லை, ஆளறிவதில்லை, ஆண்டுகள் சென்றாலும் சாவதில்லை என்று சொன்னோம். பிள்ளைகள் மிக அமைதியாக இருந்தனர். இறுதியிலே அச்சிறுவன் எழுந்து, “அப்ப அதுக்கு ஏன் பேயின்ரை படம் போட்டவை?” என்று கேட்டான். அவ்வினாவுக்கு யாம் விடை கூறவில்லை; பலகை வரைந்தோர் கூறவேண்டியது. சில நாட்களின்பின் கண்ணிவெடி அபாயக் கல்வி கற்பிப்போர் படங்களோடும் மாதிரிகளோடும் வந்தனர். அவர்களிடமும் அவன் அதையே கேட்டான். இலங்கை 2017 டிசெம்பரிலே கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. முகமாலை முதலிய இடங்களில் நிலத்தைத் துப்புரவாக்கும் பணி ஆண்டுக்கணக்காக நீண்டது.

பாம்பைப் பற்றிய மயக்கங்களும் இவ்வாறே உயிரோடு விளையாடுவன; வேறுபாடு யாதெனில், இவை பிள்ளைப் பருவத்தோடு நீங்குவதில்லை. பச்சை நிறக் கண்கொத்திப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்று அஞ்சி அதனை அடித்துக் கொல்வர். அது மனிதருக்குத் தீங்கில்லாதது. சாரையை நாகத்தின் துணை என்பர். இரண்டும் வேறு வேறு இனம். எட்டடி விரியன் எட்டு அடி நீளமுடையது என்று பிள்ளைகள் நம்புவர். கடியுண்டவன் எட்டடி நடப்பதற்குள் இறப்பான் என்று பெரியோர் நம்புவர். இரண்டுமே பிழை, ஆனால் பெரியோரின் பிழையே கொடிது. அப்பாம்பு பெரும்பாலும் இரவிலே, தரையிற் படுத்துறங்குவோரைக் கடிக்கும். கடிவாயிலே நோவும் வீக்கமும் மிகச் சிறிது. எட்டடி கடந்தும் ஆள் நிற்கின்றானே, ஆகவே விடமில்லை என்று மறுபடியும் படுக்க வைத்துவிடுவர். விடியுமுன் கண்ணிமை சோர்ந்து, மூச்சுத் தசைகள் செயலிழந்துவிடும். உரிய நேரத்தில் வைத்தியசாலை சேர்ந்தால் அதற்கு மாற்று மருந்து உண்டு. வயலும் காடும் சூழ்ந்த வீடுகளிலே பாயை விட்டுக் கட்டிலும் நுளம்புவலையும் கொள்ளுதல் நன்று என்பதை வகுப்பிலே சொல்லி வருகின்றோம். பிள்ளைகள் வீட்டிலே போய்ச் சொல்கின்றனர். அப்பு நம்புவதில்லை என்று மறுநாள் வந்து முறையிடுகின்றனர்.

பேய்களின் தொகை இப்போது குறைந்துவருகின்றது. பெருந்தொற்றுக் காலத்திலே பாடசாலைகள் மூடப்பட்டு, 2020, 2021 ஆம் ஆண்டுகளிலே கைத்தொலைபேசி வழியாகப் பாடம் நடந்தபோது, காட்டோர ஊர்ப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் குளக்கட்டிலும் மரக்கொம்பிலும் ஏறினர். சிக்னல் என்பது உயர்ந்த மரங்களில் வாழும் ஒன்று என்பது சிறியோர் கொள்கை. பழம் பறிக்கப் போனாலும் அம்மரத்தை உலுப்பவேண்டாம், அது பறந்துவிடும் என்று தம்முள் எச்சரித்தும் கொண்டனர். அவர்களுள் ஒருத்தி நாடோறும் ஏறியிருந்து பாடம் கேட்டது, அவளது அம்மம்மா காலத்திலே எவரும் அண்டாத முனிப் புளியமரம். அங்கே இருந்த முனி எங்கே என்று வினவினோம்.

“அது இப்பவும் இருக்குது சேர். நான் படிக்கேக்கை மற்றக் கொப்பிலை தள்ளி இருக்கும்” என்றாள்.